ஆறு மாதத்தில் அணுகுண்டா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தென்கொரியா நினைத்தால் ஆறே மாதத்தில் அணுகுண்டு செய்துவிடும் என்கிறது சென்ற இதழ்க் கட்டுரை. பொறியாளர்களுக்கும் ஏவுகணைகளுக்கும் அங்கே பஞ்சமில்லை என்பது சரிதான். ஆனால் குண்டுக்கான மூலப்பொருள்? யுரேனியத்தைச் செறிவூட்டும் ஆலையும் கிடையாது, புளுட்டோனியத்தைப் பிரிக்கும் ஆலையும் கிடையாது. புளுட்டோனியம் அடங்கிய, எரிந்து முடிந்த எரிபொருள் உலை வளாகங்களில் நிறையவே கிடக்கிறது. அதன்மேல் சர்வதேச அணுசக்தி முகமையின் கேமராவும் முத்திரையும் இருக்கின்றன. ஒரு குண்டுக்கு 8 கிலோ புளுட்டோனியம் என்பது முகமையின் கணக்கு; அந்த அளவு காணாமல் போனாலே கண்டுபிடித்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை காவலும். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து விலக மூன்று மாத முன்னறிவிப்பு போதும். ஆனால் விலகினால் யுரேனியம் விற்கும் நாடுகள் கையை விரித்துவிடும். நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அணு உலைகளிலிருந்துதான் வருகிறது.

கட்டுரை தொடாமல் விட்ட பகுதிதான் முக்கியமானது. 1971-ல் அமெரிக்காவின் நிக்சன் அரசு தன் ஏழாவது காலாட்படைப் பிரிவை, சுமார் 20,000 வீரர்களை, கொரியாவிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டது. அந்த அதிர்ச்சியில்தான் தென்கொரிய அதிபர் பார்க் சுங் ஹீ ரகசிய அணு ஆயுதத் திட்டத்தை முடுக்கினார். புளுட்டோனியம் பிரிக்கும் ஆலைக்குப் பிரான்சுடன் பேசினார். அப்போது அமெரிக்காவின் அணு ஆயுதங்கள் நூற்றுக்கணக்கில் கொரிய மண்ணிலேயே இருந்தன! 1958-ல் வந்தவை 1991-ல்தான் போயின. ஆயுதம் அப்படியே இருக்க, ஆட்கள் கிளம்பியதும் நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.

அந்தத் திட்டம் முடங்கியதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 1974 பொக்ரான் சோதனைக்கான புளுட்டோனியம் கனடா கொடுத்த உலையில் உருவானது. சூடுபட்ட கனடா, கொரியாவுக்கு உலை விற்கும்போது பரவல் தடை ஒப்பந்தத்தை ஏற்கச் சொல்லிக் கறாராக இருந்தது. 1975-ல் சியோல் அரசு அதை ஏற்றது. அமெரிக்க நெருக்கடியால் 1976 தொடக்கத்தில் பிரெஞ்சு ஆலையும் கைவிடப்பட்டது.

2023 ஜூலையில் தென்கொரியாவின் புசான் துறைமுகத்துக்கு வந்த அமெரிக்காவின் 'கென்டக்கி' நீர்மூழ்கியைக் கட்டுரை பெரிதாகப் பேசுகிறது. அதன் டிரைடென்ட் ஏவுகணைகள் 7,000 கிலோமீட்டர் தாண்டிப் பாயும். பசிபிக் நடுவிலிருந்தே வடகொரியாவைத் தாக்கலாம். பதுங்கியிருப்பதுதான் அதன் பலமே. துறைமுகத்தில் தலைகாட்டியது சியோலின் மன ஆறுதலுக்காக. அப்போதைய தென்கொரிய அதிபர் யூன் அதற்குள் ஏறிப் பார்த்தார்.

அதைவிட, அதே ஆண்டு ஏப்ரலில் வாஷிங்டன் பிரகடனத்தில் அமெரிக்காவும் தென்கொரியாவும் சேர்ந்து அறிவித்த அணு ஆலோசனைக் குழுவை நான் முக்கியமாகக் கருதுகிறேன். வடகொரியாவின் ஹ்வாசோங்-18 திட எரிபொருள் ஏவுகணை. களத்தில் எரிபொருள் நிரப்பும் வேலை இல்லாததால், அதைப் பார்த்து முன்கூட்டியே உஷாராகவும் வழியில்லை. அதனால் நெருக்கடி வந்தால் யாரை யார் அழைப்பது, எந்த நிலையில் தென்கொரியாவின் கருத்தைக் கேட்பது என்பதை இந்தக் குழு அமைதிக் காலத்திலேயே பேசி முடித்திருக்க வேண்டும். ஏவும் முடிவு அப்போதும் அமெரிக்க அதிபர் ஒருவருடையதுதான்.

அந்தக் குழு கூடுகிறதா, கொரியாவில் இருக்கும் 28,500 அமெரிக்க வீரர்களின் எண்ணிக்கை குறைகிறதா என்பதையும் வரும் இதழ்களில் தொடர்ந்து எழுதுங்கள்.

– ஒரு வாசகர், திருச்சி