முதலில் பிரேக் ஆயில்

வேதாளை,
மே மாதம்.

அன்பு மகனுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருக்க துஆ.

உன் வண்டிக்கு எந்த பிரேக் சாமான், எந்த டயர் போடலாம் என்று நீ கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் பதினொரு நிமிஷம் பேசி அனுப்பினேன். நாலு நிமிஷத்துக்கு மேல் நீ கேட்கவில்லை என்பது நீ திருப்பிக் கேட்ட கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. அதனால்தான் இந்தக் காகிதம். உன் லாத்தா மகள் இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில் கிடக்கிறது, மீன் லோடு பாதிக்கு மேல் இல்லை. வாப்பாவுக்கு நேரம் நிறைய. கச்சான் காற்று மண்ணை வாரி முற்றத்தில் கொட்டுகிறது, உம்மா ஒரு நாளைக்கு மூன்று தடவை கூட்டுகிறாள்.

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். சிவப்புப் பெயிண்ட் அடித்த காலிபர் என்கிற பிரேக் கவ்வி, சல்லடை மாதிரி ஓட்டை போட்ட ரோட்டர் தட்டு, 37 இஞ்ச் டயர். 2018 ஃபோர்டு ராப்டர் பிக்கப் வண்டியை வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் பந்தயக் குதிரைக்கு வாங்குவதுபோல் சாமான் தேடுகிறாய். சரி, உன் சம்பாத்தியம். ஆனால் அதே செய்தியில், ஜெபல் ஜைஸ் மலை இறங்கும்போது ஸ்டியரிங் நடுங்கியது, கீழே வந்ததும் பெடல் மெத்தென்று இருந்தது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய். எனக்கு அந்த வரிதான் பெரிசாகத் தெரிந்தது.

நீ உம்மா வயிற்றில் இருந்தபோது நடந்ததை உனக்குச் சொன்னதில்லை. 1998. நம் டாட்டா 407 லாரியில் பாம்பன் மீனைக் கோட்டயத்தில் இறக்கிவிட்டு, திரும்பும்போது ரப்பர் பலகை ஏற்றி வந்தேன். குமுளியில் டீ குடித்துவிட்டு லோயர் கேம்ப் பக்கம் இறங்குகிறேன். பாரம் இருக்கும்போது இரண்டாவது கியரில் இறங்க வேண்டிய மலை. விடியுமுன் மதுரை தாண்டிவிடும் அவசரத்தில் நாலாவதில் விட்டு, வழி நெடுக பிரேக்கில் கால் வைத்தே வந்தேன். முதலில் லைனிங் கருகும் நாற்றம். அப்புறம் மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறங்குகிற ராட்சதக் குழாய்கள் தெரியும் இடத்தில் மிதித்தால் பெடல் பாதி இறங்கியது. அடுத்த மிதியில் தரையைத் தொட்டது. குத்திக் குத்தி மிதித்தேன், அடியில் எதுவுமே இல்லாதது மாதிரி இருந்தது. மூன்றாவது, இரண்டாவது என்று கியரை அடித்து இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப் பக்கம் வண்டியை உரச விட்டுத்தான் நிறுத்தினேன். கிளீனர் பையன் குதித்துச் சக்கரத்துக்குக் கல் போட்டான்.

அரை மணி நேரம் கழித்து ஏறி மிதித்துப் பார்க்கிறேன், பெடல் கல் மாதிரி நிற்கிறது! ஒன்றுமே நடக்காதது போல. ஷைத்தான் வேலை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். கம்பம் ஊரில் ஒரு மெக்கானிக் டப்பா மூடியைத் திறந்து காட்டினார். பிரேக் ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. 'இது எப்போ மாத்துனது?' என்றார். நம்மூர்ப் பக்கத்துப் பட்டறை ஒன்று, மாற்றியாகிவிட்டது என்று காசு வாங்கிக்கொண்டு மேலாக்க ஊற்றித்தான் கொடுத்திருந்தது.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். கடலோரத்தில் கேட்கவா வேண்டும், நீ இருக்கிற ஷார்ஜாவிலும் அதே கடல் காற்றுதானே. டாட் என்பது ஆயிலின் தரத்தைச் சொல்கிற எண். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்று கணக்கு. ஈரம் ஏறிவிட்டால் அது 140-க்கு இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230-உம் 155-உம். மலை இறங்குகிற சூட்டில் அது கொதித்துக் குழாய்க்குள் ஆவியாகிறது. ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். அதனால் நீ மிதிப்பது ஆவியை அமுக்குவதோடு சரி, ரோட்டரை அழுத்திப் பிடிக்கிற பேடுக்குப் போய்ச் சேராது. ஆறினால் ஆவி திரும்ப ஆயிலாகிவிடும், பெடலும் திரும்பி வந்துவிடும். உன் பெடல் மெத்தென்று போனது இந்த ஜாதி என்றுதான் எனக்குப் படுகிறது. மூடியில் எந்த டாட் எழுதியிருக்கிறதோ அதை வாங்கி முழுசாக மாற்று, நாலு சக்கரத்து பிரேக் குழாயிலும் காற்று எடுக்கச் சொல், நீ பக்கத்திலேயே நில். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இதைச் செய். டாட் 5 என்று சிலிக்கான் சரக்கு ஒன்று உண்டு, 5.1 என்று இன்னொன்று. பெயர்தான் ஒட்டியிருக்கும், இரண்டும் வேறு வேறு. அந்த 5-ஐ உன் வண்டியில் ஊற்ற விடாதே.

இனி பேடு. பந்தயத்துக்கு என்று விற்கிற பேடு வேண்டாம். அது சூடேறின பிறகுதான் கடிக்கும். காலையில் வேலைக்குக் கிளம்பி முதல் சிக்னலில் மிதிக்கும்போது உனக்கு ஆறின பேடுதான் கிடைக்கும். செராமிக் நல்லது, சத்தம் போடாது, வீலில் கரித்தூள் ஒட்டாது, தினப்படி ஆபீஸ் போய்வர அது போதும். ஆனால் நீ நண்பனின் படகையும் பின்னால் கட்டி இழுக்கிறாய். இரண்டரை டன் வண்டி, அதற்கு மேல் படகும் டிரெய்லரும். அறுபதில் வருவதை நூற்றிருபதாக்கினால் பிரேக் விழுங்க வேண்டிய சூடு இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு. அதனால் பாரம் இழுக்கும் வண்டிக்கென்று வருகிற செமி மெட்டாலிக் வாங்கு. கொஞ்சம் கீச்சிடும், வீல் கறுக்கும், வெள்ளிக்கிழமை கழுவிக்கொள்.

கடைக்காரர் பெட்டியைக் காட்டினால் பேடை வெளியே எடுத்து விளிம்பைப் பார். அமெரிக்கச் சரக்கில் நம்பருக்குக் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதலாவது சாதாரணச் சூட்டில் எவ்வளவு பிடிக்கும் என்பது, இரண்டாவது நன்றாகக் காய்ந்த பிறகு எவ்வளவு என்பது. எஃப் என்றால் உராய்வு எண் 0.35-க்கு மேல் 0.45 வரை, ஜி அதற்கும் மேல் 0.55 வரை, இ என்றால் 0.25-இலிருந்து 0.35. எஃப்எஃப் அல்லது ஜிஜி இருந்தால் எடு. எஃப்இ என்று இருந்தால் சூட்டில் கைவிடும் ஆள், பெட்டியோடு திருப்பிக் கொடு.

ரோட்டரில் ஓட்டை எதற்கு? பார்க்க அழகு, ஒத்துக்கொள்கிறேன். பாரத்தோடு மலை இறங்கிச் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, கடைசியில் அந்த ஓட்டை ஓரத்தில்தான் விரிசல் விடும். கோடு கிழித்தது வேண்டுமானால் போடு, இல்லாவிட்டால் கனமான சாதா ரோட்டரே போதும். நடுக்கத்துக்கு ரோட்டர் வளைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் வளைந்திருக்காது. கொதிக்கிற பேடை ஒரே இடத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு நின்றால் அதன் மேல்பூச்சு ரோட்டரில் திட்டாக ஒட்டிக்கொள்ளும், அந்தத் திட்டு வந்து வந்து தட்டும்போதுதான் நடுக்கம். ஆகவே புதுப் பேடு போட்டதும் காலி ரோட்டுக்குப் போய், எண்பதிலிருந்து இருபதுக்கு நிதானமாக எட்டுப் பத்துத் தடவை குறை, ஒரு தடவையும் முழுசாக நிறுத்தாதே. பிறகு பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிஷம் ஓட்டி ஆறவிடு. காலிபர் பின்னைக் கழற்றித் துடைத்து அதற்குரிய கிரீஸ் தடவச் சொல். உப்புக் காற்றில் அது இறுகிவிட்டால் ஒரு பக்கப் பேடு மட்டும் தேயும், எந்தப் பேடு போட்டும் பிரயோஜனம் இல்லை.

டயர் விஷயத்துக்கு வருகிறேன். உன் வண்டியில் இருப்பது 315/70ஆர்17, உயரம் முப்பத்து நாலரை இஞ்சுக்குக் கொஞ்சம் உள்ளே. 37 போட்டால் மீட்டர் 100 காட்டும்போது நீ உண்மையில் 107-இல் போவாய். அதைக்கூடக் கம்ப்யூட்டரில் சரிசெய்துவிடுவார்கள். ஆனால் பெரிய சக்கரம் என்பது பிரேக்குக்கு எதிர்ப்பக்கம் நீளமான கடப்பாரை பிடித்த ஆள். பிரேக்கைப் பலப்படுத்தக் காசு செலவழித்துவிட்டு அந்த ஆளையும் நீயே கூட்டி வருவாயா? கம்பெனி அளவே இருக்கட்டும். சேற்று டயரும் வேண்டாம், ஆறு நாள் தார் ரோட்டில் ஓடுகிறவனுக்கு ஆல் டெரெய்ன் போதும். பாரம் எழுதிய எண்ணையும் வேக எழுத்தையும் பார், கதவுத் தூணில் ஒட்டியிருப்பதற்குக் கீழே போகாதே. 121 என்றால் ஒரு டயர் 1450 கிலோ தாங்கும், 113 என்றால் 1150. எஸ் என்றால் 180 கிலோமீட்டர், க்யூ என்றால் 160தான். நாலையும் ஒன்றாக மாற்று. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் தேய்ந்ததும் புதுசும் கலந்தால் கியர்ப்பெட்டி அடிவாங்கும்.

டயர் பக்கவாட்டில் தயாரிப்பு எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் பார், 3523 என்றால் 2023-இல் 35-ஆவது வாரம் செய்தது. 'புதுசு சார்' என்று கடையில் சொன்னாலும் குனிந்து அதைப் படி. வெயிலில் அடுக்கி வைத்த டயர் ஓடாமலே கிழடாகும்.

மணலில் காற்றைக் குறைக்கிறாய், நல்லது. அது எனக்கும் தெரிந்த வேலை. 2017-இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வருமுன் முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் வெறும் மணலும் உப்புத் தண்ணீரும்தான். தீக்குச்சியால் வால்வை அழுத்தி, டயர் வயிறு தரையில் பரவுகிற வரை காற்றை விடுவேன், அப்போதுதான் வண்டி புதையாது. திரும்பித் தார் ரோடு ஏறியதும் நிறுத்தி ஒவ்வொன்றாகப் பம்பு அடிப்பேன், கை கழன்றுவிடும். உன்னிடம் கம்ப்ரசர் இருக்கிறது, உனக்கென்ன. காற்றில்லாத டயரோடு அந்த வெயிலில் நூறில் போனால் பக்கவாட்டு மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். காற்று பார்ப்பது காலையில், வண்டி எடுக்குமுன். ஓடி வந்த டயரில் பார்த்தால் கூடத்தான் காட்டும். கடற்கரைக்குப் போய்வந்தால் நல்ல தண்ணீரால் சக்கரத்துக்கு உள்பக்கமும் அடித்துக் கழுவு.

அடுத்த தடவை ஜெபல் ஜைஸ் போனால் உச்சியிலேயே கியரைக் குறைத்துப் போட்டு இறங்கு. பத்து கியர் இருக்கிறதாமே, எனக்கு இருந்தது ஐந்துதான்.

உம்மா நெத்திலிக் கருவாடு காய வைத்திருக்கிறாள். பெரியபட்டினத்துப் பையன் ஒருவன் அடுத்த மாதம் துபாய் வருகிறான், அவனிடம் கொடுத்து விடுகிறோம். அதற்குள் டப்பா மூடியைத் திறந்து பிரேக் ஆயிலைப் படம் எடுத்து அனுப்பு. வெளிச்சத்தில் எடு, நிறம் எனக்குத் தெரிய வேண்டும்.

வாப்பா