ஊர்க் காட்சியகத்துக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

ஊர்ப் பெரியவர்களுக்கும், வெளியூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் நம் உறவுகளுக்கும் வணக்கம்.

தை பிறந்ததும் காட்சியகத்தைத் திறந்துவிட்டோம். வைகையின் கடைமடையில், கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி நெல்லும் மிளகாயும் விளைவித்த சனங்களின் கதை அங்கே இருக்கிறது. பொருள்கள் அத்தனையும் நீங்கள் கொடுத்தவை.

தெற்குத்தெரு அப்பத்தா வீட்டு நெல் குலுக்கையை, அதாவது நெல் சேமிக்கும் மண் குதிரை, முதலில் சொல்ல வேண்டும். வீட்டுக்குள்ளேயே வைத்து வனைந்தது, வாசலைவிட அகலம். உடைக்காமல் வெளியே வராது என்றார் கொத்தனார். “குலுக்கைய உடைக்காதீங்கப்பா, நெலையப் பேருங்க” என்றுவிட்டார் அப்பத்தா. மகன்கள் மறுபேச்சில்லாமல் வாசல் நிலையைப் பெயர்த்தார்கள். அடித்துளையில் அடைத்திருந்த பழந்துணிகூட அப்படியே வந்து சேர்ந்தது. அந்த மனசுக்கு என்ன கைம்மாறு செய்ய முடியும்?

நீர்ப்பாய்ச்சி ஐயா இல்லையென்றால், கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிடும் பழைய மதகான குமிழி மடை எங்களுக்குப் புரிந்தே இருக்காது. கண்மாய்க்குள் நிற்கும் இரண்டு கல்தூண்களைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம். அடியில் கல்தொட்டி இருப்பதையும், அதன் மேல்துளையில் தண்ணீரும் கீழ்த்துளைகளில் சேறும் போவதையும், நிறைகண்மாயில் முங்கித்தான் அடைப்பைத் திறக்க வேண்டும் என்பதையும் அவர் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். அதைப் பார்த்துப் பனைமரத்தில் மாதிரி செய்து கொடுத்த ஆசாரி அண்ணன் கூலி வாங்கவில்லை. பிள்ளைகள் கூட்டம் அங்கேதான்.

கடற்கரைத் தெரு மீனவக் குடும்பம் ஒரு மரநாழி கொடுத்தது. கருவாட்டைக் கொடுத்து நெல் அளந்து வாங்கிய நாழி. வயலும் கடலும் எப்படிச் சேர்ந்து பிழைத்தன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம் என்பேன். பனையேறப் பயன்படும் அருவாப்பெட்டியும் முருக்குத்தடியும், உள்ளே சுண்ணாம்பு பூசிய கலயமும் தந்த பனையேறி மாமாவுக்கும் நன்றி.

ராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில் மாநிலத் தொல்லியல் துறை 1986-87இல் தொடங்கிய அகழாய்வில் ரோமானியக் காசுகளும் கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்ததை நாம் அறிவோம். அதை நினைத்து, உழவில் தட்டுப்பட்ட ஓடுகளை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் துறையிடமே ஒப்படைத்த விவசாயிகளைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நம்மிடம் அவற்றின் படங்கள் போதும்.

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. களத்தில் வெயில் பொறுத்துக் காயவைத்து, சோடை பொறுக்கித் தரம் பிரிக்கும் அக்காமார் கைகளுக்கும் அந்தப் பெருமையில் பங்கு உண்டு. வேலைக்கு நடுவிலும் உட்கார்ந்து பேசி, குரலைப் பதிவு செய்ய விட்டார்கள். கூரை ஓடு மாற்றப் பணம் அனுப்பிய தம்பிமாருக்கும், வெள்ளையடித்த இளைஞர்களுக்கும், திறப்பன்று சோறு பொங்கிய பாய் வீட்டாருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒவ்வொரு பொருளுக்கும் கீழே கொடுத்தவர் பெயர் எழுதப் போகிறோம். தாத்தா, அப்பத்தா பெயரில் எழுத விரும்புகிறவர்கள் பங்குனிக்குள் சொல்லிவிடுங்கள்.

நன்றியுடன்,
காட்சியகக் குழுவின் சார்பில்