நான்கு தோட்டம், ஒரே பரோலோ

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. உன் மகள் பெங்களூரு வேலையை விட்டுவிட்டு ரைஸ் மில்லில் வந்து உட்கார்ந்துவிட்டாள், சொந்தக்காரர்களோ மில்லைக் குத்தகைக்கு விடச் சொல்லி நச்சரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். நீ அவள் பக்கம் நிற்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், இங்கே ஒரு ஒயின் குடும்பத்தைப் பற்றித் தெரிந்துகொண்டதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான்.

வட இத்தாலியில் தூரின் நகரத்திலிருந்து தெற்கே போனால் லாங்கே குன்றுகள். அங்கே பரோலோ என்று சின்ன ஊர். ஒயினுக்கும் அதே பெயர். நெபியோலோ என்ற ஒரே ஒரு திராட்சையில்தான் அதைச் செய்ய வேண்டும். பரோலோவும் சுற்றியுள்ள ஊர்களுமாக 11 ஊர்களின் பழத்துக்கு மட்டும்தான் அந்தப் பெயர் போட அனுமதி. அக்டோபரில் பனிமூட்டம் இறங்கும் நாட்களில்தான் பழம் பறிக்கிறார்கள். அப்புறம் குறைந்தது 38 மாதம் காத்திருக்க வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். சிவப்பு ஒயின் என்றதும் கருஞ்சிவப்பாக நினைத்துக்கொள்ளாதே. கோப்பையைச் சாய்த்தால் பின்னால் பிடித்திருக்கும் விரல் தெரிகிறது. ஓரத்தில் செங்கல் நிறம், காய்ந்த ரோஜா இதழோடு லேசாகத் தார் வாசனை. வெளிறிய நிறத்தைப் பார்த்து மென்மையாக இருக்கும் என்று ஒரு வாய் குடித்தால், துவர்ப்பு ஈறு முழுக்கப் பிடித்துக்கொள்ளும். அது அடங்கத்தான் இத்தனை வருடக் காத்திருப்பு.

நான் சொல்ல வந்தது மஸ்கரெல்லோ குடும்பத்தைப் பற்றி. முதல் உலகப் போர் முடிந்த கையோடு ஜூலியோ மஸ்கரெல்லோ தொடங்கினார், மகன் பர்தோலோ தொடர்ந்தார். மொத்தமே 5 ஹெக்டேர் அளவு, அதாவது 12 ஏக்கர் சொச்சம். அதுவும் நான்கு துண்டு: பரோலோவில் கன்னூபி, சான் லொரென்சோ, ருயே, பக்கத்து லா மோராவில் ரொக்கே. கன்னூபி அந்த வட்டாரத்திலேயே பேர்போன மண். அந்தப் பழத்தைத் தனியாக எடுத்து, தோட்டத்தின் பெயரைப் போட்டு விற்றால் விலை எகிறும், மற்றவர்கள் செய்கிறார்கள். இவர்கள் நான்கையும் சேர்த்து ஒரே பரோலோ ஆக்குகிறார்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்தது இதுதான். ஒரு சரிவில் ஆலங்கட்டி மழை அடித்தாலும் இன்னொன்று தப்பிக்கும், ஓரிடத்தில் வாசனை கூடும், இன்னொன்றில் வாயில் உணரும் கனம் கூடும். எனக்கு இதில் உள்ள நியாயம் ரொம்பப் பிடித்திருக்கிறது.

எண்பதுகளில் அந்த ஊர்ப்பக்கம் ஒரு புயலே அடித்தது. இளைஞர்கள் பிரான்சுக்குப் போய் 225 லிட்டர் சிறு பீப்பாயைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதன் பெயர் பாரிக். புது ஓக் மரம் என்பதால் ஒயினுக்கு வனிலா வாசனை ஏறும், சீக்கிரமே குடிக்கத் தோதாகிவிடும். எலியோ அல்தாரே என்பவர் 1983-ல் அப்பாவின் பழைய பெரிய பீப்பாய்களை இயந்திர ரம்பத்தால் அறுத்தே தள்ளினார். அப்பா அவருக்குச் சொத்து இல்லை என்று எழுதிவைத்துவிட்டார். அல்தாரேயைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தலைமுறை வந்த பிறகுதான் ஏழை விவசாயிகளின் ஒயினுக்கு உலகச் சந்தையில் விலை கிடைத்தது. பர்தோலோவோ அசையவில்லை. சிமெண்ட் தொட்டியில் நீண்ட நாள் தோலோடு ஊறவிடுவது, பிறகு பெரிய ஓக் பீப்பாயில் சில வருடம், அவ்வளவுதான். கடைசிக் காலத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து லேபிள்களைக் கையால் வரைந்தார். ஒன்றில் 'பாரிக் வேண்டாம், பெர்லுஸ்கோனி வேண்டாம்' என்று எழுதினார்; பெர்லுஸ்கோனி இத்தாலியின் பிரதமராக இருந்த அரசியல்வாதி. அரசியலிலும் ஒயினிலும் மனதில் பட்டதை ஒளிக்காத மனிதர்.

2005-ல் அவர் காலமானார். அதற்கு முன்பே மகள் மரியா தெரேசா பொறுப்புக்கு வந்திருந்தார். அப்பாவுக்கு ஒரே பிள்ளை, மொழிகள் படித்தவர். ஊரே எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தபோது அவர் நான்கு தோட்டத்தையும் பிரிக்கவில்லை, சிறு பீப்பாய் வாங்கவில்லை. இன்று உலகமெங்கும் அந்தப் பழைய முறையைத் தேடி வருகிறார்கள். அப்படித் தேடி வராமல் போயிருந்தாலும் அவர் செய்தது சரிதான் என்பேன்.

பக்கத்தில் எல்லாரும் அப்படி இருக்க முடியவில்லை. 2016-ல் வியெட்டி என்ற பேர்பெற்ற குடும்பப் பண்ணை அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் கைக்குப் போனது. நிலத்தின் விலை அப்படி ஏறிவிட்டது. உடன்பிறந்தவர்கள் பங்கு கேட்டால் கொடுக்கப் பணம் ஏது? உன் தம்பியின் பங்கை இப்போதே பேசி எழுதிவைத்துவிடு. மகளுக்கு நீ செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

மஸ்கரெல்லோ பரோலோ என் சம்பளத்துக்கு எட்டாத விலை. லாங்கே நெபியோலோ என்று கொஞ்சம் மலிவாக ஒன்று இருக்கிறது, நீ வந்தால் அதைத் திறப்போம். வரும்போது மகளையும் கூட்டிக்கொண்டு வா. இதே மாநிலத்தில் வெர்செல்லி பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் நெல் வயல்தான். அங்குள்ள ஆலைகளை அவள் பார்க்க வேண்டும். அக்டோபர் தோதுப்படுமா என்று எழுது, நான் விடுப்புச் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்