பூம்புகார் கரையில் பொக்லைன் இறங்கும் முன்: சுற்றுலா, தொல்லியல் துறைகளுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். பூம்புகார் கடற்கரையில் நடைபாதையும் கட்டுமானமும் அமைக்கும் சுற்றுலாத் திட்டம் பற்றியது இம்மடல்.

1973-இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூட வளாகம்தான் பூம்புகார் என்று எண்ணித் திட்டம் வரைந்தால் பழைய துறைமுகப் பட்டினம் வரைபடத்துக்கு வெளியே போய்விடும். செங்கல் படகுத்துறை கிடைத்தது கீழையூரில், இன்றைய கரைக்கு உள்ளே. அங்கிருந்த மரத்தூண் கரிமக் கணிப்பில் கி.மு. 3-4ஆம் நூற்றாண்டைத் தொடுகிறது. புத்த விகாரை பல்லவனேச்சரத்தில். பழைய நீர்த்தேக்கம் வானகிரியில்.

நடைபாதை போடப்படும் மணலும் வெறும் மணல் அல்ல. அலை ஏறி இறங்கும் பகுதியில், சுடுமண் வளையங்களை (உறைகளை) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய உறைகிணறுகள் பதிவாகியுள்ளன. கடல்நீருக்குள் யாரும் குடிநீர்க் கிணறு வெட்டமாட்டார்கள். எனவே உறை நிற்கும் இடமே, கரை எவ்வளவு பின்வாங்கியது என்பதற்குச் சாட்சி. பொக்லைன் வாளி ஒருமுறை பட்டால் உறை நொறுங்கும், பார்ப்பவர் கண்ணுக்கு ஓட்டாஞ்சில்லாகத்தான் தெரியும்.

அதனால் மட்டம் தட்டும் முன், அஸ்திவாரம் இறங்கும் ஆழம்வரை ஆள் வைத்துச் சோதனைக்குழி வெட்டுங்கள். ஐப்பசி மழைக்குப் பின் வெட்டினால் குழியில் நீர் ஊறிப் பக்கம் சரியும். கோடையில், பலகை முட்டுக் கொடுத்து வெட்டுவதே சரி. உறை தெரிந்தால் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, இடத்தையும் கடல்மட்டத்திலிருந்து விளிம்பின் உயரத்தையும் குறித்துவிட்டு மணலால் மூடுங்கள். எடுத்தே ஆகவேண்டுமென்றால் வெயிலில் உலர்த்தாதீர்கள்: உள்ளே ஊறிய உப்பு படிகமாகி மேற்பரப்பைச் செதில் செதிலாக உரிக்கும். நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, நீரை மாற்றி மாற்றி உப்பை இறக்கவேண்டும்.

கட்டுமானத்துக்கும் அதே உப்புதான் எதிரி. அலைத்திவலை படும் இடத்தில் கம்பிக்கு மேல் 50 மி.மீ. கான்கிரீட் மறைப்பும் குறைந்தது எம்-35 வலிமைத் தரக் கலவையும் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 கேட்பவை. இதில் மிச்சம் பிடித்தால் துருப்பிடித்த கம்பி பருத்துக் காரையைத் தள்ளிவிடும்.

கடலுக்குள் நீளும் கல் வரிசை வேண்டாம். இக்கரையில் ஆண்டுமுழுதும் கணக்குப் பார்த்தால் மணல் வடக்கே நகர்வதே அதிகம். குறுக்கே தடுத்தால் தெற்கில் சேரும், வடக்குக் குப்பங்களில் கரை அரிக்கும். படகு ஏற்றும் இடத்திலும் வலை உலர்த்தும் இடத்திலும் தளக்கல் பதிக்காமல் விடுங்கள். தை முதல் பங்குனிவரை ஆமை முட்டையிட ஏறும் கரை இது. வெளிச்சம் ஆமைகளைத் திசைதிருப்பும் என்பதால் உயர்கோபுர விளக்கும் தேவையில்லை.

சோதனைக்குழிப் பதிவுகளை ஒப்பந்தப்புள்ளி கோரும் முன் வெளியிடக் கோருகிறோம்.

இப்படிக்கு,
பூம்புகார்க் கரையை அறிந்தவர்கள்