அம்மாவின் அரிசிப் பையைச் சுமந்த அக்காவுக்கு

பேரைப் போட்டால் சண்டைக்கு வருவேன் என்று சொல்லிவிட்டார். சரி, பேர் இல்லாமலே நன்றி.

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் எங்கள் ஊர்க் கிறிஸ்தவ சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். ஞாயிறன்று அது கோயிலுக்குக் காணிக்கையாகப் போகும். விற்றுவரும் பணம் ஊழியத்துக்கு. மிசோரம் சபைப் பெண்களும் 1910 முதல் இப்படிச் செய்கிறார்கள். கையில் சொந்தக் காசு இல்லாத பெண்கள் கண்டுபிடித்த காணிக்கை என்றுதான் நான் நினைக்கிறேன்.

இடுப்பு முறிந்து படுத்த பிறகு அம்மாவுக்கு வலியைவிடப் பெரிய கவலை, அந்த அரிசியை யார் கொண்டுபோவார்கள் என்பதுதான். நானோ சென்னையில். அக்கா, யாரும் கேட்காமலே நீங்கள் வந்தீர்கள். வாரந்தோறும் பையை வாங்கிப்போனீர்கள். ஆராதனை முடிந்ததும் திரும்பி வந்து, என்ன பாட்டுப் பாடினார்கள், பிரசங்கம் எவ்வளவு நீளம், யார் வரவில்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னீர்கள். (ஊர்க்கதையும் சேர்த்துத்தான், அம்மா என்னிடம் சொல்லிவிட்டார்!) அப்புறம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு ஜெபம்.

சபையின் அறுவடைத் திருவிழாவான அறுப்பின் பண்டிகைக்கு அம்மாவைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போனதும் நீங்கள்தான் என்று நேற்றுதான் தெரிந்தது. அங்கே காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டபோது ஒரு பூசணிக்காயை அம்மா விலையேற்றி எடுத்தாராமே? காசு கொடுத்தது நீங்கள் என்று கேள்வி. ஊருக்கு வரும்போது தருவேன், மறுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.