வீட்டுப் பொறுப்பும் பாலின நீதியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலின நீதி குறித்து நாளிதழ்களில் வரும் செய்திகள் பெரும்பாலும் குற்றங்களையும் தீர்ப்புகளையும் சட்டத் திருத்தங்களையும் சார்ந்தே அமைகின்றன. அவை தேவையானவைதான். ஆனால், வீட்டுக்குள் நாள்தோறும் நிகழும் பாகுபாடு எந்தக் காவல் நிலையத்திலும் வழக்காகப் பதிவாவதில்லை என்பதாலேயே அது செய்தியாகக் கருதப்படாமல் போய்விடுகிறது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளிலும் பராமரிப்புப் பணிகளிலும் உலக அளவில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 4 மணி 25 நிமிடங்களையும், ஆண்கள் 1 மணி 23 நிமிடங்களையும் செலவிடுகின்றனர்; இந்தப் பொறுப்புகளின் காரணமாகவே ஊதிய வேலைக்குச் செல்ல இயலாதிருந்த பெண்கள் 60.6 கோடி பேர், ஆண்களோ 4.1 கோடி பேர். பெண்களுக்கு வேலையில் ஆர்வமில்லை என்று எளிதாகத் தீர்ப்பு வழங்குவோர் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

மணிக்கணக்கில் அடங்காத சுமையும் உண்டு. முதியவரின் மருந்து எப்போது தீரும், குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி என்றைக்கு, பள்ளியில் எந்தப் படிவத்தைக் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் நினைவில் வைத்திருப்பவர் பெரும்பாலான வீடுகளில் பெண்தான். சொன்ன வேலையைச் செய்துதரும் கணவர்கள் இன்று பெருகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது; ஆயினும், எதை எப்போது செய்ய வேண்டும் என்று யோசித்துச் சொல்லும் பொறுப்பு மனைவியிடமே இருக்கும்வரை அதைப் பகிர்வு என்று ஏற்க என்னால் இயலவில்லை.

1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் அலுவலக வேலை, வீட்டு வேலை இரண்டையும் ஒருசேர நிறுத்தியபோது, பள்ளிகளும் ஆலைகளும் முடங்கின. தந்தையர் பிள்ளைகளை அலுவலகத்துக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது. மறு ஆண்டிலேயே அந்நாட்டில் சம உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது.

பிள்ளை வளர்ப்பு ஆண், பெண் இருவருக்கும் பொதுவான பொறுப்பு என்பதை, பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்க 1979இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உடன்படிக்கையின் 5ஆவது பிரிவே வலியுறுத்துகிறது. அப்படியிருக்க, குழந்தை நலம், சமையல், முதியோர் பராமரிப்பு ஆகியவற்றை மகளிர் பக்கத்தில் மட்டுமே நாளிதழ்கள் வெளியிடுவது ஏன்? தங்கள் நாளிதழாவது அவற்றை அனைவருக்குமான பொதுப் பக்கங்களில், ஆண்களையும் நேரடியாக விளித்து வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்