மே 26 இரவுக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களே,

நியூயார்க்கின் கறுப்பர் பகுதியான ஹார்லெமில் நாங்கள் நடத்திய லிண்டி ஹாப் (ஸ்விங் என்ற ஜாஸ் இசைக்கு ஜோடியாக ஆடும் நடனம்) இரவுக்கு உதவிய எல்லோருக்கும் அன்றைக்கு மேடையிலேயே நன்றி சொன்னேன். ஆனால் பேண்ட் அடுத்த பாட்டுக்குத் தயாராக நின்றுகொண்டிருந்ததால் பெயர்களை மட்டும் அவசரமாகப் படித்துவிட்டு இறங்கிவிட்டேன், யார் என்ன செய்தார்கள் என்று சொல்ல நேரமில்லை. நாற்காலி தூக்கியவர்களிலும் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டவர்களிலும் பாதிப் பேர் நம் நியூ ஜெர்சித் தமிழ் நண்பர்கள், அதனால் தமிழிலும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. சிலர் பெயர் போட வேண்டாம் என்றார்கள், ஆகவே உதவிய யார் பெயரும் இதில் இல்லை. படித்தால் உங்களை உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி ஹார்லெம்காரர்களுக்கு, ஏனென்றால் இது அவர்கள் வீட்டு நடனம். 1926 மார்ச்சில் லெனக்ஸ் அவென்யூவில், 140-ஆம் தெருவுக்கும் 141-ஆம் தெருவுக்கும் நடுவே முழு பிளாக் நீளத்துக்குத் திறந்த சவாய் பால்ரூமில்தான் லிண்டி ஹாப் வளர்ந்து ஆளானது. அதே ஹார்லெமில் காட்டன் கிளப்பில் மேடையில் ஆடுபவர்கள் கறுப்பர்கள், மேஜையில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் வெள்ளையர்கள். சவாயில் அந்தப் பிரிவினை கிடையாது, உனக்கு ஆட வருமா என்பது மட்டும்தான் பேச்சு. அங்கே இரண்டு பேண்ட் மேடைகள் இருந்தன, ஒரு குழு ஓயும்போது அடுத்த குழு எடுத்துக்கொள்ளும், இசை நிற்கவே நிற்காது. முதுகெலும்புக் காசநோயால் கூன் விழுந்த, சிறிய உருவம் கொண்ட சிக் வெப் டிரம்ஸில் உட்கார்ந்து, நாடே கொண்டாடிக்கொண்டிருந்த பென்னி குட்மன் பேண்டை 1937 மே மாதம் நேருக்கு நேர் போட்டியில் தோற்கடித்தது அந்த மேடையில்தான்.

1958-ல் சவாய் மூடப்பட்டது, பிறகு கட்டடத்தையே இடித்துக் குடியிருப்பு கட்டினார்கள், இன்று அங்கே போனால் 2002-ல் வைத்த நினைவுப் பலகை ஒன்றைப் பார்க்கலாம். இடம் போன பிறகும் ஆட்டம் போகாமல் இருந்ததற்குச் சிலர் காரணம். சவாயில் வேலை பார்த்த மாமா லூ பார்க்ஸ் என்ற பெண்மணி அறுபதுகளிலும் எழுபதுகளிலும், உலகமே ராக் அண்ட் ரோல் பக்கம் திரும்பியிருந்த நேரத்தில், ஹார்லெம் பிள்ளைகளைக் கூட்டிவைத்து லிண்டி ஹாப் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும். சின்ன வயதில் வீட்டு நெருப்பு ஏணியில் உட்கார்ந்து சவாய் இசையைக் கேட்டு வளர்ந்த நார்மா மில்லர் 2019-ல் தன் 99-ஆவது வயதில் காலமாகும்வரை இந்த நடனத்தை விடவில்லை. அப்புறம் ஃபிராங்கி மேனிங். மே 26 அவருடைய பிறந்தநாள், 1914-ல் பிறந்தவர். 1935 வாக்கில் சவாயில் ஜோடியைத் தோளுக்கு மேலே தூக்கிச் சுழற்றும் ஏர் ஸ்டெப்பை முதன்முதலில் ஆடிக் காட்டியவர். பிறகு ஸ்விங் காலம் முடிந்துபோய் முப்பது வருடம் தபால் துறையில் வேலை பார்த்தார். 1986-ல் கலிஃபோர்னியாவிலிருந்து இரண்டு பேர் தேடி வந்து கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார்கள், அடுத்த வருடம் ஸ்வீடன்காரர்கள் அழைத்தார்கள். அதன் பிறகு 2009-ல் கண்மூடும்வரை ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். எழுபது தாண்டி வந்த அழைப்புக்கு அந்த மனிதர் சரி என்று சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கெல்லாம் இந்த ஆட்டம் எங்கே கிடைத்திருக்கும்?

சரி, நம் இரவுக்கு வருகிறேன்.

மாதக்கணக்கில் முன்பே பணம் கட்டிப் பதிவு செய்திருந்த மண்டபம் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு இரவே தொலைபேசியில் கூப்பிட்டு "எங்கள் சர்ச் கூடத்தைப் பாருங்கள்" என்று சொன்ன அம்மாவுக்கும், வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் சாவியை நீட்டிய பாஸ்டருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம், அது மரத்தளம். சிமெண்டு மேல் டைல்ஸ் ஒட்டிய தளத்தில் மூன்று மணி நேரம் ஆடினால் முட்டி போய்விடும், மரம் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். அந்தக் கூடத்தைப் பராமரிக்கும் பெரியவர் முந்தின நாள் மாலை மண்டிபோட்டு, உள்ளங்கையால் பலகை பலகையாகத் தடவி, தலை தூக்கியிருந்த ஆணிகளைத் தேடித் தேடி அடித்து இறக்கினார். பாலிஷ் போட்டால் வழுக்கும், போடாதீர்கள் என்று சொல்லப் போனேன். நான் சொல்வதற்கு முன்பே வெறும் தண்ணீர் தொட்டுத் துடைக்க ஆரம்பித்திருந்தார். அன்று இரவு யாரும் விழவில்லை, யாருக்கும் கால் சுளுக்கவில்லை, அதற்கு முழுக் காரணம் அவர்.

பேண்டுக்கு வருவோம். நம்மில் பலரும் பதிவான இசையை ஸ்பீக்கரில் போட்டுத்தான் வாரா வாரம் ஆடுகிறோம், தப்பில்லை. ஆனால் பன்னிரண்டு பேர் கண்ணெதிரே உட்கார்ந்து ஊதும்போது ஆட்டமே வேறு. இந்தப் பன்னிரண்டு பேரும் ஜாஸ் கச்சேரிகளில் பத்து நிமிடம் தனியாக வாசித்துக் கைதட்டல் வாங்குகிறவர்கள். நமக்காக ஒவ்வொரு பாட்டையும் மூன்று, நான்கு நிமிடத்தில் முடித்தார்கள். அந்தக் காலத்தில் நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம், லிண்டி ஆடுகிறவனின் மூச்சுக்கும் கிட்டத்தட்ட அதுதான் அளவு. வாத்தியக்காரர் தன் வாசிப்பை அப்படிச் சுருக்கிக்கொள்வது சின்ன விஷயமில்லை. டிரம்ஸ்காரர் நோட்ஸை, அதாவது இசைக்குறிப்புத் தாளை, பார்த்த நேரத்தைவிட நம் கால்களைப் பார்த்த நேரம்தான் அதிகம். இரண்டாவது பாட்டு நிமிடத்துக்கு இருநூறு தட்டு வேகத்தில் போனபோது புதிதாக வந்தவர்கள் மெல்லச் சுவரோரம் ஒதுங்கினார்கள், உடனே அவர் பேண்ட் தலைவரிடம் குச்சியால் சுவரைக் காட்டினார், அடுத்த பாட்டு நூற்றிமுப்பதில் வந்தது, சுவரோரம் காலியானது. ஒலிபெருக்கி இல்லாத கிட்டாரில் தாளச் சுற்றுக்கு நாலு தட்டு என்று இரவு முழுக்க ஒரு தனி ஆவர்த்தனமும் கேட்காமல் தாளத்தைத் தாங்கிய அந்தத் தம்பிக்குத் தனி நன்றி. உன்னை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்காதே, நாங்கள் கால் வைத்ததெல்லாம் உன் தட்டு மேல்தான். குழாய் அடைப்பெடுக்கும் பிளஞ்சரின் ரப்பரை டிரம்பெட் வாயில் வைத்துத் திறந்து மூடி அது பேசுவது மாதிரி வாசித்தவரைப் பார்த்து நம் வீட்டுக் குழந்தைகள் முன்வரிசையை விட்டு நகரவே இல்லை.

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தொண்ணூறை நெருங்குகிறார். சவாய் மூடுவதற்கு முந்தைய வருடங்களில், பள்ளிக்கூடம் முடித்த கையோடு, அங்கே போய் ஆடியவர். படிகளில் அவரைக் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டி வந்த பேத்திக்கு என் கும்பிடு. இடைவேளைக்குப் பிறகு அவரே எழுந்து வந்து என்னை ஆட அழைத்தார். என் கையில் தன் விரல்களை மடக்கி வைத்தார், அவ்வளவுதான், கட்டைவிரல் சும்மா இருந்தது. நான் பயத்தில் கொஞ்சம் இறுக்கினேன் போல. "பிடிக்காதே, சும்மா வை. நான் எங்கே ஓடிவிடப் போகிறேன்?" என்றார். வகுப்பில் லீட் (நடத்துவது), ஃபாலோ (பின்தொடர்வது), இழுவிசை என்று எவ்வளவோ சொல்லிக் கொடுக்கிறோம், எல்லாம் அந்த நான்கு விரலில் இருந்தது. அவர் இடுப்பு அசைவில் பாதிதான் என் கண்ணுக்குப் பிடிபட்டது, ஆனால் பாட்டு எங்கே திரும்பப் போகிறது என்று ஒவ்வொரு முறையும் அவருக்கு முன்கூட்டியே தெரிந்தது.

மூன்று பாட்டுக்கு ஒரு பாட்டாவது புதியவர் ஒருவரோடு ஆட வேண்டும் என்று கேட்டிருந்தோம். அனுபவசாலிகள் அதைக் கடைசிவரை மீறவில்லை. தன் வயதின் எண்ணிக்கைக்குப் பிறந்தநாளில் அத்தனை பெண்களோடு ஆடுவது ஃபிராங்கியின் வழக்கம், அவர் பிறந்தநாளில் செய்ய வேண்டியதைத்தான் நீங்கள் செய்திருக்கிறீர்கள். ஆரம்ப வகுப்பை எடுத்த இருவரும் எல்லோரும் சேர்ந்து ஒரே மாதிரி ஆடும் ஷிம் ஷாம் ஆட்டத்தை ஒரு மணி நேரத்தில் அத்தனை பேர் காலிலும் ஏற்றிவிட்டதால், கடைசிக்கு முந்தின பாட்டில் கூடம் முழுக்க ஒரே நேரத்தில் கால் தேய்த்தது, சர்ச் அம்மாக்கள் உட்பட.

எலுமிச்சை சாதமும் மெதுவடையும் கொண்டுவந்த நம் ஆட்களுக்கும், ஃபிரைட் சிக்கன் தட்டுகளோடு வந்து நின்ற சர்ச் பெண்களுக்கும் நன்றி, இரண்டும் ஒரே மேஜையில் அரை மணி நேரத்தில் தீர்ந்தன. வாசலில் பணம் வாங்கிய அக்கா கணக்கைச் சில்லறை வரைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார்: இசைக்கலைஞர்களுக்குப் பேசிய தொகை முழுவதும் அன்றிரவே கொடுத்தாயிற்று, மிச்சம் அதே கூடத்தில் தெருப் பிள்ளைகளுக்கு நடக்கப்போகும் இலவச வகுப்புக்குப் போகிறது. அந்த வகுப்பை ஹார்லெம்காரர்களே எடுக்கிறார்கள், நாம் நாற்காலி போடுகிறோம்.

சாக்ஸபோன்காரர்களின் நோட்ஸ் உறை ஒன்றும், தோல் அடிவைத்த பெண்கள் ஷூ ஒரு ஜோடியும் என்னிடம் இருக்கின்றன, உரியவர்கள் சொல்லி அனுப்புங்கள். அடுத்த கூடலுக்குப் பழைய நோட்ஸைப் பார்த்துக் கைப்பட நகல் எடுக்க இரண்டு பேர் தேவை, இசை படிக்கத் தெரிந்தவர்கள் முன்வந்தால் இந்த வாரமே ஆரம்பித்துவிடலாம்.

அன்புடன்,
உங்களோடு ஆடியவன்